யாருக்கும் சொந்தமில்லாத வாசலில் ஒரு துணிக்கொடி

துணி காயப் போடுவதில் தொடங்கும் லயத்துச் சண்டையைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் இரண்டு விதமாக விளக்குகிறார்கள். அந்தச் சனங்களுக்குச் சண்டை போடுவதே வழக்கம் என்பது ஒன்று. காணியும் வீடும் கிடைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்பது மற்றது. முதலாவது பழி; இரண்டாவது நம்பிக்கை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்ட வாழ்க்கையின் அருகே வைத்துப் பார்த்தால் முதலாவது பொய் என்றும், இரண்டாவது பாதி உண்மை என்றும் தெரிகிறது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தை அளந்து பார்ப்போம். லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு; அதில் ஒரு குடும்பத்தின் அறைதான் காம்பிரா. லயத்துக் காம்பிரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. பிள்ளைகள் வளர வளர அதையும் தகரமும் பலகையும் அடித்து அறையாக்கிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். ஒத்தை லயத்துக்குப் பின்பக்கம் கொஞ்சமாவது இடம் இருக்கும். காம்பிராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்துக்கோ பின்வாசலே கிடையாது. முன்வாசல் என்பது லயத்தின் நீளத்துக்கும் ஓடும் ஒரு குறுகலான மண் தரை. அதைத் தாண்டினால் கான், கானைத் தாண்டினால் மண்மேடு அல்லது தேயிலை. நடைபாதை, விறகுக் கட்டு, தண்ணீர்ப் பீப்பா, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் அந்தத் தரையில்தான். கொடி கட்டுவதும் அங்கேதான்.

இந்த அமைப்பின் வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் கடல் கடந்து ஊர் திரும்பும் ஆட்களுக்கு இரவில் படுக்க ஒரு கூரை போதும் என்று கணக்குப் போட்டார்கள். 1869-இல் கோப்பி இலைநோய் இலங்கையில் தலைகாட்டியது; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலை வருடம் முழுவதும் கொழுந்து தரும் பயிர். எனவே குடும்பம் குடும்பமாக, தலைமுறை தலைமுறையாக மலையிலேயே தங்க வேண்டியதாயிற்று. தங்கும் விதம் மாறியும் கட்டடத்தின் கணக்கு மாறவில்லை. கைக்குழந்தையின் துணி எங்கே காயும், வீட்டுக்குத் தூரமான பெண்ணின் துணி எங்கே காயும் என்ற கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இருந்ததில்லை. இன்றும் தோட்டக் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாழ்வது அந்தக் கணக்குக்குள்தான்.

இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுவே பெரிய காரணமாகப் படுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில்தான். ஹட்டன் அதைவிடத் தாழ்வு, ஏறத்தாழ 1270 மீட்டர். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிற சரிவு அது. ஒக்டோபர், நவம்பரில் காலை வெளிச்சமாக விடியும். பிற்பகல் இடித்துக்கொண்டு கொட்டும். ஆகக் கொடியில் துணி காயக்கூடிய நல்ல நேரம் காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் வருகிறது. அந்த நேரத்தில் துணி துவைத்த பெண் எங்கே இருக்கிறாள்? மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கிறாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு அவள் லயத்துக்கு வரும்போது மூடுபனி இறங்கியிருக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் ஒன்றாகத் துவைக்கின்றன. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கவுன், கம்பளி, படங்கு என்று ஆறு நாள் அழுக்கு ஒரே நாளில் கொடிக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கு ஒன்றோ இரண்டோ சீருடைதான். திங்கட்கிழமைக்கு அது காய்ந்தாக வேண்டும். காயாவிட்டால் இரவில் அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைக்கிறார்கள். மறுநாள் பிள்ளை புகை வாடையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அந்த வாடைக்காகக் கூசிப்போகும் பிள்ளையின் தாய், கொடியில் நாலு முழம் இடத்துக்காகக் குரலை உயர்த்தினால் அதை அற்பச் சண்டை என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு விளைவு இதைவிட நுட்பமானது. வேலை நாளில் துவைத்துப் போட்டுவிட்டு மலைக்குப் போகிறவள், மழை வந்தால் துணியை எடுத்துப்போட அடுத்த காம்பிராவில் இருக்கும் பென்சன் வாங்கிய பாட்டியையோ, கைக்குழந்தையோடு இருக்கும் மதினியையோ நம்பித்தான் போகிறாள். எடுத்துப்போட்டால் நன்றி. ஒரு நாள் எடுக்காமல் விட்டால், “எங்க துணிய நனைய விட்டுட்டு அவங்க துணிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க” என்று மனஸ்தாபம். ஒருவர் உதவியில் இன்னொருவர் நாளைக் கடத்த வேண்டிய நிலையில்தான் இந்தக் கோபம் பிறக்கிறது. சண்டைக்காரச் சனம் என்ற பழி இங்கேயே விழுந்துபோகிறது. சண்டையே குணமாக இருந்திருந்தால் வருடத்தின் மற்ற நாட்களில் ஒருத்தி துணியை ஒருத்தி ஏன் காப்பாற்ற வேண்டும்?

அதற்காக எல்லாப் புகாரையும் அமைப்பின் மேல் போட்டுவிட்டு ஆட்களை விடுவிக்கவும் நான் தயாராக இல்லை. புகார்களைத் தரம் பிரிக்க வேண்டும். மேல் கொடியில் சொட்டும் தண்ணீர் என் இஸ்தோப்பில் விழுகிறது என்பதும், நடக்கிற வழியில் கழுத்தளவில் கம்பி கட்டியிருக்கிறார்கள் என்பதும் நியாயமானவை. மருந்தடிக்கப் போனவரின் சட்டையைப் பச்சைக் குழந்தையின் துணிக்குப் பக்கத்தில் தொங்கவிடாதே என்பது நியாயம் மட்டுமல்ல, அவசியம். களைநாசினி பட்ட உடுப்பைத் தனியே துவைத்துத் தனியே காய வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் சமாதானம் பேசக்கூடாது.

மறுபக்கம், உள்பாவாடை வாசலில் தொங்குகிறது, பார்க்க நன்றாயில்லை என்ற புகாரை நான் ஒரேயடியாக நிராகரிக்கிறேன். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பெண்கள் மாதவிடாய்த் துணியைக் கட்டிலுக்கு அடியிலும் விறகுக்குப் பின்னாலும் ஈரத்தோடு ஒளித்துவைக்கிறார்கள். வெயில் படாத அந்தத் துணியின் கேட்டை அவர்கள் உடம்பு ஏற்கிறது. சாதியைச் சொல்லி, எங்கள் கொடியில் உங்கள் துணி படக்கூடாது என்பதும் அதே குப்பையில் போட வேண்டியது. மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து ஆர். ஜெயராமன் 1975-இல் வெளியிட்ட நூல், இந்தியாவிலிருந்து வந்த சாதி வழக்கங்கள் தோட்டத்தில் எப்படி நீடித்தன என்பதைப் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பழைய நினைவு இன்று நேராகப் பேசாது. வாய்ச்சண்டை முற்றும்போது ஒரு வசைச் சொல்லாக எட்டிப் பார்க்கும். இன்னொரு வீட்டுத் துணியைக் கொடியிலிருந்து இழுத்துச் சேற்றில் போடுகிற கைக்கும் மன்னிப்புக் கிடையாது. இடநெருக்கடி அதற்குச் சாட்சி சொல்ல வராது.

இந்தச் சண்டையை யார் தீர்க்கிறார்கள்? முதலில் தோட்டத் தலைவர். ஆட்களையும் இடத்தையும் அவருக்குத் தெரியும்; அது பெரிய பலம். ஆனால் அவர் ஒரு தொழிற்சங்கத்தின் தலைவர். எதிர்க் காம்பிரா வேறு சங்கமாக இருந்தால் துணிச் சண்டை ஒரே நாளில் சங்கச் சண்டையாகிவிடும். அடுத்தது தோட்ட ஆபீஸ். கொடியை அவிழ் என்று உத்தரவிடத் துரையால் முடியும். இரண்டு பேருடைய கொடியையும் அவிழ்க்கச் சொல்லி விஷயத்தை முடிக்கவும் முடியும். மூன்றாவது, 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை. சிறு அடிதடி, ஏச்சுப் பேச்சு, சொத்துக்குச் சிறு சேதம் போன்றவை நீதிமன்றத்துக்கு முன் அங்கே போக வேண்டும். மூன்றில் மரியாதையான இடம் அதுதான். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்பார்கள். ஆனால் எந்த மண் யாருடையது என்ற கேள்வி எழுந்தவுடன் அந்தச் சபையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வாசல் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. மண் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. விட்டுக்கொடுக்கச் சொன்னால் எதை விட்டுக்கொடுப்பது? தன்னுடையது என்று ஒரு முழமாவது இருப்பவரால்தான் விட்டுக்கொடுக்க முடியும். ஞாயிறுதோறும் சமாதானமான சண்டை அடுத்த ஞாயிறு திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான்.

வெளிநாட்டு உதாரணங்கள் இங்கே எவ்வளவு தூரம் உதவும்? அமெரிக்காவில் கொடி கட்டுவது சட்டப் பிரச்சினையாகவே வளர்ந்தது. பார்வைக்கு அழகில்லை என்று குடியிருப்புச் சங்கங்கள் தடுத்தபோது, புளோரிடா 1980-லேயே அத்தகைய தடையைச் செல்லாததாக்கியது. கலிபோர்னியா 2015-இல் வாடகைக் குடியிருப்பாளருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. ஆனால் அது வாடகைக்காரரின் தனிப்பட்ட பகுதிக்கு மட்டும் பொருந்தும் உரிமை. தனக்கென்று ஒரு முற்றமோ பல்கனியோ இருப்பவரின் உரிமை அது. லயத்துக்கு அதைக் கொண்டுவந்தால் நிற்க இடமில்லாமல் விழுந்துவிடும். சிங்கப்பூர் கொஞ்சம் நெருங்கி வருகிறது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் மூங்கில் கழி செருகுவதற்கென்றே குழாய்கள் வைத்துக் கட்டினார்கள். மேல்மாடித் துணி கீழ்மாடித் துணியில் சொட்டுகிறது என்ற சண்டை அங்கேயும் உண்டு. ஆனாலும் துணி எங்கே காயும் என்ற கேள்விக்குக் கட்டடம் கட்டியவர்களே பதில் சொல்லியிருந்தார்கள். நமக்கு வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது.

இனி காணியும் வீடும் கிடைத்தால் போதும் என்ற அந்த நம்பிக்கைக்கு வருவோம். இந்திய உதவியில் மலையகத்தில் 4,000 தனி வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. 2017 மே 12-இல் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,905 சதுர அடி. வீடு போக மிஞ்சுவது 1,350 சதுர அடிக்கு மேல். பழைய காம்பிராவைப் போலப் பதினொரு காம்பிரா அளவு வெறும் முற்றமே கிடைக்கிறது. மலைச்சரிவில் மண்மேட்டுக்கும் படிக்கட்டுக்கும் மலக்குழிக்கும் கொஞ்சம் போனாலும் ஒரு கொடிக்கு இடம் தாராளம். எல்லை தெரிகிறது; இது என்னுடையது, அது உன்னுடையது என்று சொல்ல முடிகிறது. மேல்படி வீட்டுத் தண்ணீர் கீழ்படி வீட்டுக்கு வழிந்தால் அதற்கு ஒரு கான் வெட்டித் தீர்க்கலாம். தீராத சண்டை தீரக்கூடிய சண்டையாகிறது. காணி உரிமைக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதில் இந்த அளவு முழு உண்மை.

ஆனால் மழை? தனி வீட்டிலும் அது அதே பிற்பகலில்தான் வருகிறது. வீட்டுக்காரி அப்போதும் மலையில்தான் நிற்கிறாள். லயத்தில் துணியை எடுத்துப்போடக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பாட்டி இப்போது நாலு படிக்கட்டுத் தள்ளி இருக்கிறார். காணி இடத்தின் பிரச்சினையைத் தீர்க்கிறது, நேரத்தின் பிரச்சினையைத் தொடவில்லை. முதலில் சொன்ன மீதிப் பாதி இதுதான். அதைத் தீர்ப்பது கொடிக்கு மேலே ஒரு கூரை. சுவர் வேண்டாம், காற்று ஓட வேண்டும். வெளிச்சம் விடும் தகடு நாலைந்து, குழாய்க் கம்பம் நாலு, கம்பி. ஈரத் துணியை அறைக்குள் கட்டி, அந்த ஈரத்தையும் விறகுப் புகையையும் பிள்ளைகள் இரவெல்லாம் சுவாசிப்பதும் அதோடு குறையும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. பொதுவில் கட்டிக்கொடுத்த கக்கூசும் பைப்பும் உடைந்து கிடப்பதைப் பார்க்கவில்லையா, பொதுக் கொட்டகையும் அப்படித்தான் ஆகும் என்பது ஒன்று. அது அனுபவத்திலிருந்து வரும் மறுப்பு, ஒதுக்க முடியாது. ஆகவே கூரை மட்டும் பொதுவாக இருக்கட்டும். கம்பி காம்பிராவுக்கு ஒன்றாக, இலக்கம் போட்டுத் தனித்தனியே இருக்கட்டும். தன் கம்பியை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வார்கள். மருந்தடிக்கிறவரின் உடுப்புக்கு ஓரத்தில் தனிக் கம்பி. லயத்தைத் திருத்தினால் லயம் நிலைத்துவிடும், வீட்டுக் கோரிக்கை மங்கிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. கொள்கை அளவில் எனக்கு இதில் மரியாதை உண்டு. ஆனால் 2017-இல் அந்த அறிவிப்பைக் கேட்டபோது முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று சாதாரண தரப் பரீட்சை வயதை நெருங்கிவிட்டது. அதன் சீருடை எல்லா ஞாயிறும் காய வேண்டியிருந்தது. கம்பமும் தகடும் கழற்றிக் கொண்டுபோகக்கூடியவை. வீடு வரும் நாளில் அவையும் கூட வரட்டும்.

என் முடிவு இது. லயத்துத் துணிச் சண்டையில் முதல் குற்றவாளி மண்ணை வைத்திருக்கும் அரசும் குத்தகைக் கம்பனிகளும். துணியைச் சேற்றில் இழுத்துப் போட்டவர், சாதி சொல்லி ஏசியவர் மட்டும் தம் செயலுக்குத் தாமே பொறுப்பு. தோட்டத்துக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடை, பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு திருத்தப்பட்ட 2018-உடன் நீங்கிவிட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களுக்குத் தனிப் பிரதேச சபைகளும் வந்தன. அதிகாரமில்லை என்று அவை இனிச் சொல்ல முடியாது. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் லயத்துக்கு ஒரு கூரைக்கொடி என்று ஒரு வரி எழுதுங்கள். புதிய வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவர்கள் பக்கச் சுவரோடு சேர்த்து ஆறடிக் கூரை நீட்டுங்கள். சங்கத் தலைவர்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.