உண்ணிச்செடி யானைகள்: கலைஞர் யார், கைவினைஞர் யார்?

தேவர்சோலைப் பக்கத்தில் யானை ஒரு குறியீடு அல்ல. இருட்டின பிறகு தேயிலைக்குள் நடக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உயிர் அது. மிதிபட்டுச் செத்தவர்கள் உண்டு; பிணத்தோடு நடந்த சாலை மறியல்கள் உண்டு. இந்தக் கூடலூர் வட்டாரத்தில் உருவான யானைகள்தான் 2021இல் லண்டன் கிரீன் பார்க்கில் நின்றன. 2024இல் 100 யானைகள் அமெரிக்கா போய், நியூபோர்ட் கடற்கரையிலும் நியூயார்க் வீதியிலும் நின்றன. ‘தி ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்’ என்ற கூட்டமைப்பில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளிகர் சமூகங்களைச் சேர்ந்த சுமார் 200 பேர் செய்தவை இவை.

விலங்குநேயப் பிரச்சாரம் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது சுலபம். நான் அப்படி ஒதுக்கத் தயாராக இல்லை. முதலில் உருவத்தைப் பார்ப்போம். உண்ணிச்செடிக் கொம்புகளை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்துப் பொருத்துகிறார்கள். மேலே பூசி மெழுகுவது கிடையாது. ஒவ்வொரு கொம்பும் ஒரு கோடாகவே நிற்கிறது. புகைப்படத்தில் பார்த்தாலே தெரியும்: கோடுகள் தோளில் இறுகி, வயிற்றில் தளர்ந்து, தும்பிக்கையில் சுருள்கின்றன. நெற்றிப்பட்டம் இல்லை, சங்கிலி இல்லை, பாகன் இல்லை. நம்முடைய கோயில் யானையும் அரண்மனை யானையும் அதிகாரத்தின் வாகனங்கள். இது யாரையும் சுமக்காத யானை. இந்தப் பக்கம் நடமாடுகிற நிஜ யானைகளே மாதிரிகள். ஓவியக் கல்லூரி தராத ஒரு பார்வை இதில் வேலை செய்திருக்கிறது. எதிரே வருவது எந்த யானை, என்ன மனநிலையில் வருகிறது என்று தெரிந்தால்தான் உயிர் தப்பலாம் என்கிற வாழ்க்கையிலிருந்து வந்த பார்வை அது.

பொருளுக்கும் அரசியல் உண்டு. உண்ணிச்செடி, தோட்ட அழகுக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. இன்று முதுமலையில் புல்லை அமுக்கி மண்டிக் கிடக்கிறது. அதே ஆட்சிதான் சோலையை வெட்டித் தேயிலை போட்டது. அந்தச் செடி யானையாகி அரச பூங்காவுக்கே திரும்பிப் போனதில் ஒரு பதிலடி இருக்கிறது. அங்கே பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது உறைத்திருக்கும்?

என் சண்டை பெயரிடுதலோடு. நான் படித்த செய்திகளில் யானைகள் தனித்தனி ஆளுமைகளாக வருகின்றன. செய்தவர்களோ ‘200 பழங்குடிக் கைவினைஞர்கள்’ என்று ஒரு எண்ணாகச் சுருங்கிவிடுகிறார்கள். 1966இல் பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலத்து ஓவியர்கள் பாத்திக் துணி விற்றுத்தான் வயிறு கழுவினார்கள். அவர்களை யாரும் கைவினைஞர் என்று சொல்லவில்லை. பணியர் செய்தால் மட்டும் கலை எப்படிக் கைவேலை ஆகிறது? வள்ளியூர்க்காவு திருவிழாவில் ஆண்டடிமையாகப் பேரம் பேசப்பட்ட சமூகம் அது. அன்றும் அவர்களிடம் ‘கை’யை மட்டுமே பார்த்தார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். லண்டன் கண்காட்சிக்கு ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். சேர்ந்து வாழக் காலடியில் நிலம் வேண்டாமா? 1969இல் வந்த ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலங்களில் ஆதிவாசியும் 1964 ஒப்பந்தத்தால் வந்த சிலோன்காரரும் பட்டாவுக்காகத் தலைமுறையாகக் காத்துக் கிடந்தார்கள். 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு இதே கூடலூர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். யானை நூறு நின்றால் உலகம் நின்று பார்க்கிறது. மனுசன் ஆயிரக்கணக்கில் நின்றபோது எந்தப் பூங்கா இடம் கொடுத்தது?

இதற்காகச் சிற்பிகளைக் குறை சொல்வதற்கில்லை. கூலியும் மரியாதையும் தருகிற வேலையை அவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். பொறுப்பு நம்மைப் போல எழுதுகிறவர்களுடையது. இந்த உருவங்களைச் சிற்பம் என்றே எழுதுவோம். செய்தவரைச் சிற்பி என்றே, அவரவர் பெயரோடு அழைப்போம். லண்டன் பார்த்துவிட்டது, நியூயார்க் பார்த்துவிட்டது. தேவர்சோலைக் கடைவீதியிலும் ஒரு யானை நிற்கட்டும், செய்தவர் பெயர் தமிழில் பொறித்து. மிதிபட்டவர் வீட்டாரும் அதைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம். விமர்சனம் அங்கேதான் தொடங்க முடியும்.