ஏழு நெறிகளும் நமது மேய்ப்புப் பணியும்

சமூகப் பணிக் கல்லூரிகளில் தனியாள் பணி என்னும் பாடத்தைப் பயில்வோர் ஏழு நெறிகளை மனப்பாடம் செய்கின்றனர். சிக்காகோ லொயோலா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயேசு சபைக் குரு ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வெளியிட்ட ‘தி கேஸ்வொர்க் ரிலேஷன்ஷிப்’ என்னும் சிறு நூலே அவற்றின் ஊற்று. ஒவ்வொருவரையும் தனித்தன்மை உடையவராக நோக்குதல், உணர்வுகளை வெளியிட இடமளித்தல், அவ்வுணர்வுகளில் கட்டுப்பாட்டுடன் பங்குகொள்ளுதல், உள்ளவாறே ஏற்றுக்கொள்ளுதல், குற்றத் தீர்ப்பு வழங்காமை, தாமே முடிவெடுக்கும் உரிமையை மதித்தல், இரகசியம் காத்தல் என்பன அவை. இறையியல் மாணவரும் இந்நூலைக் கற்கவேண்டும் என்பது நம் கருத்து. ஆயினும் ஆராயாது ஏற்றல் ஆகாது.

நூலின் சிறப்பு அப்பட்டியலில் இல்லை. ஒவ்வொரு நெறியிலும் ஆசிரியர் மூன்று அசைவுகளைக் காண்கிறார்: உதவி நாடி வருபவரின் தேவை, பணியாளரின் மறுமொழி, அம்மறுமொழியை வந்தவர் உணர்ந்துகொள்ளுதல். நாம் அன்புடையோம் என்று நாமே கருதிக்கொள்வது போதாது; வந்தவர் அதை உணர்ந்தாரா என்பதே வினா. தீர்ப்பு வழங்காமை என்பது ஒழுக்கத்தைப் பற்றிய அலட்சியம் அன்று என்பதையும் அவர் தெளிவுபடுத்துகிறார். செயலை மதிப்பிடலாம், ஆளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாகாது. சீகார் ஊர்க் கிணற்றருகே நம் ஆண்டவர் உரையாடிய முறையை (யோவான் 4) தியானித்தோர்க்கு இது புதிதன்று.

குறையும் உண்டு. தாமே முடிவெடுக்கும் உரிமைக்கு எல்லைகளாக அவர் கூறுவன வந்தவரின் ஆற்றல், நாட்டுச் சட்டம், ஒழுக்க நெறி, நிறுவனத்தின் பணிவரம்பு ஆகியவை. கடன் கொடுத்தவரும் சாதியும் இடும் எல்லை இவ்வரிசையில் இல்லை. நம் நாட்டுக் கொத்தடிமைத் தொழிலாளிக்கு முடிவெடுக்கும் உரிமையை உரையாடல் மட்டும் அளித்துவிடாது; 1976ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டமும், அதனைச் செயற்படுத்தப் போராடுவோரும் வேண்டியிருந்தனர். நீதியைப் பேசாத பரிவு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

எனினும் நம்மை மிகவும் சுடுவது இரகசியம் காத்தல் என்னும் நெறியே. இல்லத் துன்பத்தை நம்மிடம் அழுது கூறிய ஒரு சகோதரிக்காக, அவ்வாரத்து ஜெபக்கூட்டத்தில் மன்றாடும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டோம். பெயரைச் சொல்லவில்லை, சிற்றூர்ச் சபையில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அதன்பின் அவர் நம் வீட்டுப் படியேறவில்லை. நம் நோக்கம் நல்லதே. ஆயின் அவர் உணர்ந்தது அன்பையன்று, அவமானத்தை.

சமூகப் பணி மாணவர் களப்பணியில் நடந்த உரையாடலை எழுதி, மேற்பார்வையாளர் முன் வைத்து, தம் தவறுகளைக் கண்டு திருந்துகின்றனர். நம் இறையியல் மாணவரும் வார இறுதியில் சபைகளுக்குச் செல்கின்றனர். ஆனால் நாம் திருத்துவது பெரும்பாலும் அவர்களுடைய பிரசங்கத்தையே. நோயுற்றோர் கட்டிலருகே அவர்கள் பேசியதை எழுதிவரச் சொல்லி, உடனிருந்து ஆராய்கிறோமா? பீஸ்டெக்கின் நூலை நூலகத்தில் சேர்ப்பது எளிது. அவ்வொழுங்கினை நம் பாடத்திட்டத்தில் சேர்ப்பதே ஆசிரியராகிய நம் கடன்.