அழைத்தவுடன் வரும் உறுப்புகள்
லினக்ஸ் என்னும் கணினி இயக்கமுறையின் கரு, தனக்கு வேண்டிய உறுப்பு நிரலைத் தேவைப்படும்போது தானே வரவழைத்துக் கொள்ளும். 1996இல் வெளிவந்த 2.0 பதிப்பில் ‘கெர்னல்டி’ என்னும் தனி நிரல் வாயிற்காவலன்போல் நின்று இப்பணியைச் செய்தது. 1999இல் 2.2 பதிப்பு அக்காவலனை நீக்கி, ‘மாட்ப்ரோப்’ என்ற நிரலைக் கருவே நேரில் ஏவச் செய்தது. இஃது எளிமை, எனவே நன்று.

2003இன் இறுதியில் வந்த 2.6 பதிப்பைத்தான் குறைகூற வேண்டும். அதற்கெனப் புதிதாய் எழுதப்பட்ட கருவிகள் ‘மாட்யூல்ஸ்.கான்ஃப்’ என்ற பழைய குறிப்பேட்டை விட்டு, ‘மாட்ப்ரோப்.கான்ஃப்’ என்பதையே நாடின. முன்னதில் அரும்பாடுபட்டு எழுதிய கட்டளைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பெயர்த்தெழுதும் கருவியொன்றை உடன் தந்தனர் என்பது மெய்யே. ஆயினும் அதை இயக்கும் வேலை பயன்படுத்துவோர் தலையிலன்றோ விழுந்தது!