கல்திட்டையும் அதன் நகலும்

பழனி மலைகளின் கல்திட்டைகளைப் பற்றிய ஆங்கில நூலொன்றை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் தன் ஆய்வேட்டு வரிசையில் 36ஆவதாக வெளியிட்டது. எழுதியவர்கள் இயேசு சபைத் துறவியரான ஆங்லாத், நியூட்டன் அடிகளார் இருவர். சுண்ணச்சாந்து இன்றி, பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய அப்பழங்கால ஈமச் சின்னங்களை அவர்கள் மலையேறிச் சென்று அளந்தனர், வரைந்தனர். நகலெடுக்கும் பணி நம் மலையில் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

இன்று அவ்வேலையை லேசர் கருவி செய்கிறது. கல்லின் மேற்பரப்பைக் கோடிக்கணக்கான புள்ளிகளாகப் பதிந்து கணினிக்குத் தருகிறது. முப்பரிமாண அச்சுப்பொறி அவ்வுருவைப் படலம் படலமாக அடுக்கி எழுப்புகிறது. இதனைப் போலி என்று ஒதுக்குவது எளிது, ஆயின் நியாயமன்று. வெனிசு நகரத் துறவுமடத்தின் உணவறைக்கென வெரோனேசே 1563இல் தீட்டி முடித்த 'கானாவூர்த் திருமணம்' ஓவியத்தை 1797இல் நெப்போலியனின் படையினர் பாரிசுக்குக் கொண்டு சென்றனர். அது இன்றும் லூவர் அருங்காட்சியகத்தில்தான் உள்ளது. அதனை நுட்பமாகப் பதிந்து அச்சிட்ட நகல் 2007இல் பழைய சுவருக்கே வந்து சேர்ந்தது. மூலத்திற்கு இடமில்லை, இடத்திற்கு மூலமில்லை. அங்கே நகல் ஒரு காயத்தை ஆற்றியது என்றே சொல்வேன்.

கல்திட்டையின் நிலை இதற்கு நேர்மாறானது. அதனிடம் எஞ்சியிருப்பதே இடந்தான். மலைச்சரிவும் அண்டையிலுள்ள பிற திட்டைகளும் இன்றி, நகரத்துக் கூடமொன்றில் அச்சிட்டு நிறுத்தினால் அது வெறும் கற்பெட்டியே. மேலும், கருவி காண்பது மேற்பரப்பை மட்டுமே. புதையல் தேடுவோர் கிளறிக் கலைக்கும் மண்ணடுக்கை எந்த அச்சுப்பொறியால் மீட்க இயலும்?

நகல் இருக்கிறதே என்னும் ஆறுதலும் ஆபத்தானதே. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையின் நகல் 2014இல் திறக்கப்பட்டது. மூலத்தின் மீதான மக்கள் நெரிசலைக் குறைப்பதே நோக்கம். ஆனால் நகல் வந்த பின்னும் மூலக் கல்லறைக்குள் கூட்டம் சென்றுகொண்டுதான் இருந்தது.

எனவே, தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும் முதலில் வேண்டுவது பதிவு, அச்சு பிறகு. ஆண்டுதோறும் பதிந்தால் எந்தக் கல் சாய்ந்தது, எது காணாமற்போனது என்பதை ஒப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். அச்சிடுவதாயின் கைக்கடக்கமான உருவங்கள் போதும்: பார்வையற்றோர் தடவி அறிய, அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மூடுகல்லைத் தூக்கி உள்ளே பார்க்க.