பிடிக்க விடு, ஓட விடாதே

2014 பிப்ரவரி 2 அன்று நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்தில் நடந்த, அமெரிக்கக் கால்பந்து லீகின் இறுதி ஆட்டமான 48ஆவது சூப்பர் பவுலில், டென்வர் பிராங்கோஸ் அணியின் பந்து எறியும் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் 49 முறை பந்தை எறிந்தார். அவற்றில் 34 தன் ஆட்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன் எந்தச் சூப்பர் பவுலிலும் ஒருவர் அத்தனை எறிதல்களைக் கைசேர்த்ததில்லை. டெமேரியஸ் தாமஸ் 13 பந்துகளைப் பிடித்தார். அதுவும் அன்றைய சாதனை. இரண்டு சாதனைகளையும் படைத்த டென்வர், சியாட்டில் சீஹாக்ஸிடம் 43-8 என்று தோற்றது.

அந்தப் பருவத்தில் டென்வர் 606 புள்ளிகள் குவித்திருந்தது. லீகின் வரலாற்றில் அதுவரை யாரும் எட்டாத எண். மேனிங்கின் டச்டவுன் எறிதல்கள், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ந்த பந்துகள், மட்டும் 55. எதிர்முனையில் சியாட்டில், மிகக் குறைந்த புள்ளிகளையும் மிகக் குறைந்த யார்டுகளையும் விட்டுக்கொடுத்து, எதிரணியிடமிருந்து அதிக முறை பந்தைப் பறித்த அணி. இந்த மூன்றிலும் ஒருசேர முதலிடம் பிடித்தது அதற்கு முன் 1985இன் சிகாகோ பேர்ஸ்தான். ஆகவே சியாட்டில் டென்வரை மூச்சுவிட முடியாமல் நெரித்துவிட்டது என்று அன்றிரவே எழுதிவிட்டார்கள். ஆனால் மூச்சுத் திணறியவர் 34 பந்துகளைக் கைசேர்க்க மாட்டார். சியாட்டில் தாராளமாகவே கொடுத்தது. எதைக் கொடுப்பது என்பதை மட்டும் அது தானே தீர்மானித்தது.

தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரலும் தடுப்புப் பயிற்சியாளர் டான் க்வின்னும் கையாண்ட முறை காகிதத்தில் மிக எளியது. மைதானத்தின் ஆழப்பகுதியை மூன்றாகப் பிரித்து, இரு ஓரங்களை ரிச்சர்ட் ஷெர்மன், பைரன் மேக்ஸ்வெல் என்ற கார்னர்பேக்குகளிடமும் நடுவை ஏர்ல் தாமஸிடமும் ஒப்படைப்பார்கள். தலைக்கு மேல் நீண்ட பந்து போகவே கூடாது. மற்ற அணிகள் இருவரை நிறுத்தும் பரப்பை ஏர்ல் தாமஸ் ஒருவரே ஓடி அடைத்ததால், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கேம் சான்சலரை முன்னால் இறக்க முடிந்தது. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்கள் பெரும்பாலும் நால்வர் மட்டுமே. மிஞ்சியது முன்பகுதியின் குறும்பந்துகள். ஒற்றை ஓட்டங்களை விட்டுவிட்டு பவுண்டரியை அடைக்கும் கிரிக்கெட் தலைவரின் கணக்கு இது. வேறுபாடு என்னவென்றால், இங்கே ஒவ்வொரு ஒற்றைக்கும் உடம்பால் விலை கொடுக்க வேண்டும்.

அந்த விலைதான் ஆட்டத்தைத் தீர்மானித்தது. டென்வரின் பலம் பந்தைப் பிடிப்பதில் இல்லை, பிடித்த பிறகு ஓடுவதில் இருந்தது. இருவர் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் தடுப்பாளரைக் குழப்புவார்கள். சின்னப் பந்து ஒன்று வரும். அது பத்து, இருபது யார்டாக வளரும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே டெமேரியஸ் தாமஸ் அப்படிக் குறுக்கே ஓடிப் பந்தைப் பிடித்த மாத்திரத்தில், சான்சலர் தோளால் மோதி அவரைப் பின்னுக்குத் தள்ளினார். அதன் பிறகு டென்வரின் ஆட்கள் பந்து கைக்கு வரும்முன்பே யார் வருகிறார் என்று பார்க்கத் தொடங்கியதாக எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாத ஊகம்தான். எண்களோ ஐயமற்றவை. 13 பந்துகளைப் பிடித்த தாமஸ் எடுத்தது 118 யார்டு. அவற்றுள் ஒன்றில் மேக்ஸ்வெல் பந்தைத் தட்டிவிட, சியாட்டில் அதை டச்டவுனாக்கிக்கொண்டது.

மேனிங் பந்தோடு வீழ்த்தப்பட்டது ஒரே ஒரு முறை. அதை வைத்துச் சியாட்டிலின் முன்வரிசையை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். அந்த வரிசையின் கிளிஃப் ஏவ்ரில் மேனிங்கின் கையை இடித்ததால் அந்தரத்தில் மிதந்த பந்தைத்தான் மால்கம் ஸ்மித் பறித்து 69 யார்டு ஓடினார். லீகின் வீரர் தேர்வில் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்ட ஸ்மித் அன்றைய சிறந்த ஆட்டக்காரரானார். மேனிங்கின் சில கைச்சைகைகளை முதல் பாதியிலேயே படித்துவிட்டதாக ஷெர்மன் பின்னர் சொன்னார்.

43 என்ற எண் தடுப்பாட்டத்தின் மதிப்பெண் அல்ல. முதல் இரண்டு புள்ளிகள், கூச்சலுக்கு நடுவே டென்வரின் பந்தைத் தொடங்கிவைக்கும் சென்டர், மேனிங் எதிர்பாராத நேரத்தில் பந்தைப் பின்னுக்கு விட்டதால், 12 நொடியில் இனாமாக வந்தவை. இரண்டாம் பாதி பெர்சி ஹார்வினின் 87 யார்டு கிக்காஃப் ஓட்டத்தோடு தொடங்கியது. அதிலும் தடுப்பாளர்களுக்குப் பங்கில்லை. அவர்களின் உண்மையான மதிப்பெண், எதிரணியின் 8. 2001 சூப்பர் பவுலில் பால்டிமோர் ரேவன்ஸ், ஜயன்ட்ஸின் தாக்குதல் வரிசைக்கு ஒரு டச்டவுன்கூடத் தரவில்லை. ஆனால் அது 606 புள்ளி எடுத்த அணியல்ல. ஒரே இரவின் ஆட்டம் என்று பார்த்தால் சியாட்டிலுக்கே என் வாக்கு.

ஆனால் முறை என்று பார்த்தால் தயங்க வேண்டியிருக்கிறது. ஓராண்டு கழித்து 49ஆவது சூப்பர் பவுல். அதே சியாட்டில், எதிரே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 50 முறை எறிந்து 37 பந்துகளைக் கைசேர்த்தார், இரண்டைப் பறிகொடுத்தார். மேனிங்கும் 49க்கு 34, பறிபோனவை அதே இரண்டு. இந்த எண்களை மட்டும் காட்டினால் யார் வென்றார் என்று சொல்ல முடியாது. பேட்ரியட்ஸ் 28-24 என்று வென்றது.

மாறியது என்ன? பிரேடியின் பந்தைப் பறித்த ஜெரமி லேன் அதே ஓட்டத்தில் கையை முறித்துக்கொண்டு வெளியேறினார். அவரிடத்தில் வந்த தரோல்ட் சைமனை பிரேடி விடாமல் குறிவைத்தார். மூன்றாம் கால்பகுதியில் ஏவ்ரில் தலையில் அடிபட்டு வெளியேற, நால்வரின் பாய்ச்சல் தளர்ந்தது. கடைசிக் கால்பகுதியில் பிரேடி 15இல் 13 பந்துகளைக் கைசேர்த்து இரண்டு டச்டவுன் எறிந்தார். பெரும்பாலும் குறும்பந்துகள், சியாட்டில் வழக்கமாகக் கொடுப்பவைதான். கொடுப்பது நின்றுவிடவில்லை, வசூல் நின்றுவிட்டது. இதோடு, மேனிங் இடைவேளைக்குள் 22-0 என்று பின்தங்கிப் பொறுமையை இழக்க வேண்டியிருந்தது. பத்துப் புள்ளிதான் பின்தங்கியிருந்த பிரேடிக்கு அந்த நெருக்கடி இல்லை. எதிரி அவசரப்பட வேண்டும் என்பது இந்த முறையின் சொல்லப்படாத நிபந்தனை.

இன்னொரு வேடிக்கை. கடைசி நொடிகளில் ஒரு யார்டுக் கோட்டில் பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர், சியாட்டில் குவார்ட்டர்பேக் ரசல் வில்சனின் பந்தைப் பறித்தபோது, குறுக்கே வந்து தடுக்க வேண்டிய சியாட்டில் வீரரை கிளம்பும் இடத்திலேயே அமுக்கி நிறுத்தியவர் பிராண்டன் பிரவுனர். அந்த வித்தையால் சியாட்டிலில் பெயரெடுத்துவிட்டு பேட்ரியட்ஸுக்கு மாறியிருந்தவர்.

க்வின் இந்த முறையை அட்லாண்டாவுக்குக் கொண்டுபோனார். 2017இல் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுலில் அவரது அட்லாண்டா பால்கன்ஸ் 28-3 என்று முன்னிலை பெற்று, கூடுதல் நேரத்தில் 34-28 என்று பிரேடியிடம் தோற்றது. பேட்ரியட்ஸின் தாக்குதல் அன்று 93 முறை பந்தை எடுத்து ஆடியது. ஜேம்ஸ் வைட் 14 பந்துகளைப் பிடித்தார். சின்னச் சின்னதாகக் கொடுக்கும் தடுப்பு அதிக நேரம் களத்தில் நிற்கும், நின்றால் களைக்கும். சியாட்டிலில் ஓட்டக்காரர் மார்ஷான் லின்ச் பந்தோடு முட்டிமோதி நேரத்தைக் கரைத்துத் தடுப்பாளர்களுக்கு ஓய்வு வாங்கிக் கொடுத்தார். அட்லாண்டாவின் தாக்குதல் அன்று 46 முறையோடு முடிந்தது. இந்தத் தடுப்பு தனித்து நிற்கும் திட்டமே அல்ல, பாதித் திட்டம்.

ஷெர்மனும் கூட்டாளிகளும், தொடலாம் என்று விதி அனுமதிக்கும் ஐந்து யார்டைத் தாண்டியும் எதிரிகளைப் பிடித்து இழுத்தார்கள், நடுவர் எல்லா முறையும் கொடி வீச மாட்டார் என்று கணக்குப் போட்டார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை. 2014 பருவத்தில் லீக் அந்த விதியைக் கண்டிப்பாக்கிய பிறகும் அவர்கள் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள் என்பது மீதி.

உடம்பின் கணக்கு அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. டெமேரியஸ் தாமஸ் 2021இல் 33 வயதில் இறந்தார். அவர் மூளையில், தொடர்ந்து தலையில் அடிபடுவோருக்கு வரும் சிதைவு இரண்டாம் கட்டத்தில் இருந்தது தெரியவந்தது. அதைச் சான்சலரின் ஒரு மோதலோடு முடிச்சுப்போடுவது நியாயமில்லை. அது விதிக்கு உட்பட்ட மோதல். மோதியவர்களும் தப்பவில்லை. 2017இல் ஏவ்ரிலின் ஆட்டமும் சான்சலரின் ஆட்டமும் கழுத்துக் காயத்தால் முடிந்தன. அதே ஆண்டு குதிகால் நாண் அறுந்த ஷெர்மன் மறுபடி சியாட்டில் சீருடையில் ஆடவில்லை. 2018இல் ஏர்ல் தாமஸின் கால் முறிந்தது. கேரல் 2023 பருவம்வரை சியாட்டிலில் இருந்தார்; வேறு ஆட்களை நிறுத்திப் பார்த்தார். 2013 பருவத்தின் அந்தத் தடுப்பு திரும்ப வரவில்லை.