டிம்பனியில் எந்தத் தோல்?

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் நீங்கி, சதை வழித்து, இழுத்துக் கட்டி நிழலில் காயவைத்த ஆட்டுத்தோலை நகத்தால் சுண்டினால் கணீரென்று பேசும். அதே தோல் குரோம் உப்புக் கரைசலோடு மர டிரம்முக்குள் மணிக்கணக்கில் உருண்டு, வெளிர்நீலமாக ஈரம் சொட்ட வெளியே வந்த பிறகு எவ்வளவு தட்டினாலும் பேசாது. மடங்கும், துவளும், நாளைக்கு ஐரோப்பாவில் யாருடைய காலிலோ சப்பாத்தாக நடக்கும். வாத்தியத்துக்குப் பச்சைத்தோல்தான் வேண்டும். பதனிட்டால் அழுகாது, ஆனால் ஒலி போய்விடும்.

மேற்கத்தியச் செவ்விசையில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஒரு வழக்கை இந்தத் தோலின் பக்கமிருந்து விசாரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் ஆகியோரின் சிம்பொனிகளை அவர்கள் காலத்துக் கருவிகளில் வாசித்துப் பதிவு செய்வதா, இன்றைய இசைக்குழுவின் கருவிகளிலா என்பதுதான் வழக்கு. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' அரங்கேறிய பிறகு நம் வீடுகளிலும் சிம்பொனி என்ற பேச்சு அடிபடுகிறது. பீத்தோவனைக் கேட்க வேண்டும், எந்தப் பதிவைக் கேட்பது என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டியல் கொடுப்பது எளிது. பதிவுகளுக்குள் எது மாறுகிறது என்று காட்டுவதுதான் உதவி.

முதலில் நரம்பு. பீத்தோவன் காலத்து வயலினில் இருந்தது ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த நரம்பு. கீழ்த் தந்திக்கு மட்டும் அதன்மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டில். குடல் நரம்பில் வில் பிடிக்கும்போது ஒரு சிறு கரகரப்பு முன்னால் வரும், பிறகுதான் சுரம். எஃகில் சுரம் உடனே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அடுத்து ஊதுகருவிகள். ஹார்னுக்கு அப்போது வால்வு கிடையாது. வாய்க்கு இயல்பாக வராத சுரங்களை, புனலுக்குள் கையை நுழைத்து அடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒரே சுரவரிசையில் ஒரு சுரம் திறந்தும் அடுத்தது மூக்கடைத்தும் ஒலிக்கும். சுருதியும் தாழ்வு. பழைய கருவிக் குழுக்கள் பெரும்பாலும் 'ஏ' சுரத்துக்கு 430 அதிர்வெண் வைத்துக்கொள்கின்றன, இன்றைய அளவு 440. வித்தியாசம் அரைச் சுரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. நம் கச்சேரிக் காது அதைச் சுலபமாகப் பிடித்துவிடும்.

கடைசியாகத் தோற்கருவி. சிம்பொனியின் தோற்கருவி டிம்பனி, செம்பு அண்டாவின் மேல் தோல் போர்த்தியது. அக்காலத்தில் அண்டா சிறியது, தோல் கன்றுக்குட்டியுடையது அல்லது ஆட்டுடையது, அடிக்கும் குச்சியின் தலை வெறும் மரம் அல்லது தோலுறை போட்ட மரம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பாலியஸ்டர் படலத்தால் ஆன பிளாஸ்டிக் தட்டு சந்தைக்கு வந்தது. மழைக்காலத்தில் சுருதி இறங்காது, கோடையில் விறைக்காது, கிழிந்தால் மறுநாளே மாற்றலாம். டிம்பனிக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. பிளாஸ்டிக்கில் ஓசை நீண்டு நிற்கும். தோல் அடி விழுந்த கணமே பேசிச் சட்டென்று அடங்கும். வயலின்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் உழைக்கும்போது இந்தச் சட்டென்ற அடக்கம்தான் மற்ற கருவிகளுக்கு இடம்விடுகிறது.

இதைக் காதால் சோதிக்கப் பீத்தோவனின் எட்டாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை டிம்பனி இரண்டையும் ஷட்ஜமம், பஞ்சமம் என்றுதான் சேர்ப்பது வழக்கம். பீத்தோவன் இங்கே மேல் ஷட்ஜமமும் கீழ் ஷட்ஜமமுமாக, அதாவது இரண்டையும் 'எஃப்' சுரத்தில், சேர்க்கச் சொன்னார். ஒன்பதாவதின் இரண்டாம் பகுதியில் அதே 'எஃப்' சுரம், ஆனால் அங்கே அது ஷட்ஜமம் அல்ல, காந்தாரம். திடீரென்று தனியாக வந்து எல்லோரையும் வெட்டிவிட்டுப் போகும். நடத்துநர் நாரிங்டனின் பழைய கருவிக் குழுவான லண்டன் கிளாசிகல் பிளேயர்ஸ் 1980களின் பிற்பகுதியில் செய்த பதிவில் இந்த அடிகள் வெடிக்கின்றன. வேறு பல பெரிய இசைக்குழுப் பதிவுகளில் அவை தூரத்து இடிபோல் உருளுகின்றன. நாரிங்டன் கேட்டபின் மற்றதற்குத் திரும்புவது எனக்குச் சிரமமாக இருந்தது.

பழைய கருவிகளில் வாசிக்கும் இந்த இயக்கத்தின் வரலாறு வேகமாகச் சொல்லக்கூடியதே. நிகோலாஸ் ஹார்னன்கோர்ட் 1953இல் வியன்னாவில் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவைத் தொடங்கினார். முதலில் பாக் காலத்து இசை. 1973இல் கிறிஸ்டோபர் ஹாக்வுட் இங்கிலாந்தில் அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் தொடங்கி, அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து மோட்சார்ட்டின் சிம்பொனிகள் முழுவதையும் பழைய கருவிகளில் பதிவு செய்தார். அதைப் போல முழுத் தொகுப்பாக முன்பு எவரும் செய்ததில்லை. 1981இல் ஃபிரான்ஸ் ப்ரூகனின் ஆம்ஸ்டர்டாம் குழு, 1989இல் ஜான் எலியட் கார்டினரின் குழு. கார்டினரின் ஒன்பது பீத்தோவன் சிம்பொனிகள் 1994இல் வெளியாயின. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் விளிம்பில் இருந்த ஒரு பழக்கம் பெரிய கம்பெனிகளின் விற்பனைச் சரக்காகிவிட்டது. குறுந்தகடு வந்த காலமும் அதுவே, எல்லாவற்றையும் மறுபடி விற்கவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த பூசல் காலப்பிரமாணம். மெட்ரோனோம் வந்ததும் பீத்தோவன் 1817இல் தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் எண் போட்டு வெளியிட்டார். ஐந்தாவதின் தொடக்கத்துக்கு 108, ஏழாவதின் இரண்டாம் பகுதிக்கு 76. இருபதாம் நூற்றாண்டுப் பெரிய நடத்துநர்களில் பலர் இந்த எண்களைப் பொருட்படுத்தவில்லை. மெட்ரோனோம் பழுதாக இருந்திருக்கும், அவருக்குக் காது கேட்காது என்று காரணம் சொன்னார்கள். கிளெம்பரர் ஏழாவதைச் சௌக்க காலத்தில் எடுத்துப்போவார், அதன் இரண்டாம் பகுதியான அல்லெக்ரெட்டோ சவ ஊர்வலம் ஆகிவிடும். பழைய கருவிக்காரர்கள் எண்ணை அப்படியே வைத்து வாசித்துக் காட்டினார்கள், வாசிக்க முடிந்தது. குடல் நரம்பும் சிறு டிம்பனியும் சீக்கிரம் அடங்குவதால் வேகத்தில் சுரங்கள் குழம்பவில்லை. காலப்பிரமாணத்தைக் கருவியிலிருந்து பிரித்துப் பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஐந்தாவதில் இன்னொரு இடம் உண்டு. முதல் பகுதியில் இரண்டாம் கருப்பொருளை அறிவிப்பது ஹார்ன். அதே அறிவிப்பு பின்னால் வேறு சுருதியில் திரும்ப வரும்போது, வால்வில்லாத அந்த ஹார்னால் அதை எடுக்க முடியாது என்பதால் பீத்தோவன் பசூனிடம் கொடுத்தார். வால்வு வந்தபின் பல நடத்துநர்கள், ஆசிரியர் இன்று இருந்தால் ஹார்னுக்கே கொடுத்திருப்பார் என்று மாற்றி வாசித்தார்கள். பழைய கருவிப் பதிவுகளில் பசூன்தான், மெலிந்து, கொஞ்சம் பரிதாபமாக. எனக்கு அந்தப் பரிதாபம் பிடிக்கிறது. முதல்முறை கம்பீரமாக வந்த குரல் மறுமுறை குன்றி வருவதிலேயே ஒரு கதை இருக்கிறது, அது கருவியின் ஊனத்தால் வந்ததாகவே இருக்கட்டும்.

ஆனால் 'பழையது', 'புதியது' என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பது தோலைப் பார்த்தால் நிற்காது. பிளாஸ்டிக் தட்டே 1950களின் பிற்பகுதியில்தான் வந்தது என்றால், ஃபுர்ட்வாங்லர் 1951இல் பைராய்ட்டில் நடத்திய ஒன்பதாவதில் ஒலிப்பது விலங்குத் தோல்தான். டோஸ்கனினியின் பதிவுகளிலும் அதுவே. அவர்களை யாரும் பழைய கருவிக் கட்சியில் சேர்ப்பதில்லை. வியன்னா பில்ஹார்மோனிக் இன்றும் டிம்பனிக்கு ஆட்டுத்தோலையே போர்த்துகிறது. வேறு எல்லா வகையிலும் அது இன்றைய பெரிய இசைக்குழு. கார்லோஸ் க்ளைபர் 1970களின் நடுவில் அந்தக் குழுவோடு செய்த ஐந்தாவதையும் ஏழாவதையும் இவ்வளவு காலம் கழித்தும் எல்லோரும் தேடிக் கேட்பதற்கு அவருடைய கைதான் முதல் காரணம், தோலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அமெரிக்க இசை வரலாற்றாளர் ரிச்சர்ட் டாரஸ்கின் இந்த இயக்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். பழங்காலத்தை மீட்கிறோம் என்று சொல்பவர்கள் உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் ரசனையையே, அதாவது வேகம், தெளிவு, உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றையே, பழைய உடையில் விற்கிறார்கள் என்பது அவர் வாதம். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 1800இன் ஒலியை யாரும் கேட்டதில்லை. ஸ்டுடியோவில் பத்து முறை வாசித்து ஒட்டவைத்த பதிவு எந்தக் காலத்துக் கச்சேரியும் அல்ல. நாரிங்டன் அசைவே இல்லாத வெறும் சுரத்தைக் கொள்கையாக்கி, பிறகு இன்றைய கருவி வாசிக்கும் ஸ்டுட்கார்ட் வானொலிக் குழுவிலும் அதைத் திணித்தபோது, கமகத்தில் ஊறிய நம் காதுக்குச் சில இடங்கள் வறண்டே போயின. ஆனாலும் டாரஸ்கினின் வாதம் கருத்தைத் தொடுகிறது, பொருளைத் தொடவில்லை. கொள்கை யாருடையதாக இருந்தாலும் குடல் குடல்தான், தோல் தோல்தான். அவை வாசிப்பவர் கையைத் தம் வழிக்குத் திருப்பிவிடும்.

இதில் நமக்கு என்ன என்று வேலூர்க்காரர் கேட்கலாம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் செருகிய தோல் குஞ்சம். அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று வியன்னாவில் பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ அரங்கேறியது. அது தொடங்குவது டிம்பனியின் தனித்த நான்கு தட்டுகளில். இரண்டுக்கும் தொடர்பில்லை, காலம்தான் ஒன்று. அந்தக் காலத்தின் ஐரோப்பிய வாத்தியங்கள் அப்போதே இங்கே வந்து இறங்கியிருந்தன என்பதுதான் விஷயம். பாலுசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது கற்றுக்கொண்ட வயலின் குடல் நரம்பு பூட்டிய வயலின். அவர் தமையன் முத்துசுவாமி தீட்சிதர் பீத்தோவனுக்கு ஐந்தாறு வயது இளையவர். சென்னைக் கோட்டை பேண்டுகளின் மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று நாம் பாடும் அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. சின்னசாமி முதலியார் 1893இல் அவற்றில் பலவற்றை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் அச்சிட்டார். இன்று அவை எஃகுத் தந்தி வயலினோடும் மின்சாரத் தம்புராவோடும் பதிவாகின்றன.

தோலில் நம் நிலைமை இன்னும் நெருக்கமானது. மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்பவர்களின் உழைப்பையும் சாதியையும் டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் விரிவாக எழுதினார். இப்போது வாருக்குப் பதில் போல்ட் பூட்டிய மிருதங்கம் உண்டு, செயற்கைத் தட்டு மிருதங்கமும் உண்டு. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் பறைக்கும் பம்பைக்கும் பைபர் தட்டு ஏறிவிட்டது. வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டாம், மழையில் நனைந்தாலும் அடிக்கலாம். அடிப்பவரின் தோளும் விரலும் படும் பாட்டை அறிந்தவர்கள் இதைக் குறைசொல்ல மாட்டார்கள். பைபர் பறை கீச்சென்று முன்னால் நிற்கிறது, தோல் பறையின் அடிவயிற்று அதிர்வு அதில் இல்லை. டிம்பனியில் பிளாஸ்டிக் செய்த வேலை இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது.

பதனிட்ட தோலுக்கும் ஒரு வாத்தியப் பங்கு உண்டு என்பதைத் தோல் ஊர்க்காரன் சொல்லாமல் விட முடியாது. பீத்தோவன் காலத்து வியன்னா பியானோவின் சுத்தியல்களுக்குத் தோலுறைதான். கம்பளி நமுதா பாரிசில் 1826க்குப் பிறகு வந்தது. குரோம் பதனிடல் தொழிலாகப் பரவியது 1884க்குப் பிறகு என்பதால், அந்தச் சுத்தியல்களில் ஒன்றிலும் குரோம் கிடையாது. பட்டை, எண்ணெய், படிகாரம் இவற்றில் பதனிட்டவைதான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு வட ஆற்காட்டிலிருந்து லண்டன் சந்தைக்குப் போன தோலுக்கு அது தூரத்து உறவு. 1970களில் ஏற்றுமதிக் கொள்கை மாறி, குரோம் நிலைத்து, பாலாறு என்ன ஆனது என்பதை 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் படிக்கலாம்.

என் தீர்ப்பு இது. பழைய கருவிகளின் பாடத்தைப் படித்துவிட்டு இன்றைய கருவிகளில் வாசித்த பதிவுகளே இன்று பீத்தோவனுக்கு மிக நல்லவை. ஹார்னன்கோர்ட் 1990களின் தொடக்கத்தில் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் யூரோப்புடன் செய்த தொகுப்பில் டிரம்பெட் மட்டும் வால்வில்லாதது, மற்றவை இன்றையவை. மொத்தக் குழுவும் அந்த டிரம்பெட்டின் மூர்க்கத்துக்கு இசைந்து வாசிக்கிறது. சார்லஸ் மக்கராஸ் 2006இல் எடின்பரோவில் சிறிய குழுவோடு வாசித்தது அதைவிட இளகியது, புதிதாகக் கேட்பவருக்கு ஏற்றது. ஹைடனுக்கும் மோட்சார்ட்டுக்கும் ப்ரூகனே போதும். கராயன் 1960களின் தொடக்கத்தில் பெர்லினில் செய்த தொகுப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பளபளப்பை ஒருமுறை கேட்க வேண்டும். அதோடு தொடங்கினால் அதுதான் பீத்தோவன் என்று மனதில் படிந்துவிடும், பிறகு மாறுவது கடினம்.

கேட்கும்போது கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி வேண்டாம், டிம்பனி அதில் இருக்கவே இருக்காது. ஹெட்போன் போட்டு எட்டாவதின் கடைசிப் பகுதியை நாரிங்டனிலும் கராயனிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அப்படியே சென்னை சபாக்களுக்கும் பல்கலைக்கழக இசைத் துறைகளுக்கும் ஒரு விண்ணப்பம்: நொட்டுஸ்வரங்களைக் குடல் நரம்பு வயலினிலும் மரக்குழலிலும் தோல் முரசிலும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். குடல் நரம்பு வெளியூரிலிருந்து வரட்டும்; முரசுக்கு வேண்டிய பச்சைத்தோலைப் பேரணாம்பட்டிலேயே வாங்கிவிடலாம்.