வலைத்தள வடிவமைப்பில் அசைவூட்டம்: பரவலான தவறான கருத்துகள்

வலைப்பக்கத்தில் உள்ள எழுத்து, படம், பொத்தான் ஆகியவற்றை நகரவோ மின்னவோ உருமாறவோ செய்யும் நுட்பங்கள் பொதுவாக அசைவூட்டத் தொழில்நுட்பம் எனப்படுகின்றன. அசையும் ஜிஃப் படங்கள், ஓடும் எழுத்து, பிளாஷ் கோப்புகள், இன்றைய சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்விஜி அசைவுகள் ஆகிய யாவும் இதில் அடங்கும். வலைத்தள வடிவமைப்பைக் கற்கத் தொடங்குவோருக்கு இந்நுட்பங்கள் பெரும்பாலும் பக்கத்தை அழகுபடுத்தும் வழியாகவே அறிமுகமாகின்றன. அந்த அறிமுகத்திலிருந்து கிளைத்த சில தவறான கருத்துகள் தமிழ் இணையத்துக்கு மீட்க முடியாத இழப்புகளையும் தந்துள்ளன.

இக்கருத்துகளைச் சோதித்துப் பார்க்கக் காவிரிப் படுகை நல்லதோர் எடுத்துக்காட்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நெல் உழவர் ஒருவர் இணையத்தில் தேடுவது திட்டவட்டமான செய்திகளை. மேட்டூர் அணையின் நீர்மட்டம் எவ்வளவு, கல்லணை எப்போது திறக்கப்படும், குறுவைக்கு எந்த நெல் ரகம் ஏற்றது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எவ்வளவு ஈரப்பதம் வரை நெல் எடுப்பார்கள் என்பன அவற்றுள் சில. இக்கேள்விகளுக்கு விடை தர வேண்டிய பக்கத்தில் அசைவு எங்கே உதவுகிறது, எங்கே குறுக்கே நிற்கிறது என்று பார்த்தால் பல மயக்கங்கள் தெளியும்.

பின்னணி

ஜிஃப் கோப்பு வடிவம் 1987இல் வெளிவந்தது. 1990களில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி, எழுத்தைப் பக்கவாட்டில் ஓடச் செய்யும் மார்க்கீ என்னும் குறிச்சொல்லைக் கொண்டுவந்தது. ஃபியூச்சர்வேவ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட அசைவூட்ட மென்பொருளை மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கிப் பிளாஷ் எனப் பெயரிட்டது. 2005இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது.

பிளாஷ் தன் வரைவுகளைக் கோடு, வளைவு ஆகியவற்றின் கணக்காகச் சேமித்தது. அதனால் தொலைபேசி வழியே இணையம் மெதுவாக வந்த காலத்திலும் சிறிய கோப்பில் நீண்ட அசைவுப் படத்தை அனுப்ப முடிந்தது. ஆகவே அதன் பரவலை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000இல் பிளாஷைக் கடுமையாகச் சாடி எழுதினார். உலாவியின் பின்செல் பொத்தான் வேலை செய்யாமை, எழுத்தின் அளவை வாசகர் மாற்ற முடியாமை போன்றவை அவர் சுட்டிய குறைகள். 2002இல் அவரது நிறுவனமே மேக்ரோமீடியாவுடன் இணைந்து பிளாஷின் பயன்பாட்டுத் தரத்தை உயர்த்தும் பணியில் ஈடுபட்டது. கருவியைப் பழிப்பதைவிடப் பயன்படுத்தும் முறையை ஆராய்வதே பயன் தரும் என்பதற்கு இது சான்று.

கருத்து 1: அசைவு இருந்தால் வாசகர் நிற்பார்

அசையும் பொருளைக் கண் உடனே கவனிக்கும் என்பது உண்மை. ஆனால் கவனித்தல் வேறு, படித்தல் வேறு. பத்தியைப் படிக்கும் வாசகரின் கண்ணை ஓரத்தில் மின்னும் 'புதியது' என்ற சின்னம் திரும்பத் திரும்ப இழுத்தால், அவர் படித்துக்கொண்டிருந்த வரியை விடுகிறார். ஒரே பக்கத்தில் இத்தகைய சின்னங்கள் பத்து இருந்தால் எதுவும் புதியதாகத் தோன்றாது.

ஓடும் எழுத்தில் இன்னொரு குறை உண்டு. படிக்கும் வேகத்தை அங்கே வாசகர் தீர்மானிப்பதில்லை, பக்கம் தீர்மானிக்கிறது. கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அறுவடை வேளையில் மழை பெய்யும் சில ஆண்டுகளில் இவ்வரம்பு தளர்த்தப்படுகிறது. தளர்வு எந்த மாவட்டத்துக்கு, எத்தனை விழுக்காடு வரை, எந்த நாள் வரை என்னும் மூன்று செய்திகளும் ஒரே வரியில் ஓடினால், முதலாவதைப் பிடிப்பதற்குள் மூன்றாவது மறைந்துவிடும். நனைந்த நெல்லைக் களத்தில் குவித்து வைத்திருப்பவருக்கு அந்த வரி மறுசுற்று வரும்வரை காத்திருப்பது வெறும் எரிச்சல் அன்று. தவறாகப் படித்து நெல்லை ஏற்றிச் சென்றால் வண்டி வாடகை வீண். அச்செய்தி மூன்று வரிகளில் தேதியுடன் அசையாமல் இருந்தால் போதும்.

2008 டிசம்பரில் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு இதனை நெறியாகவே வகுத்தது. பிற உள்ளடக்கத்துக்கு அருகே தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்தவோ மறைக்கவோ வாசகருக்கு வழி வேண்டும். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதுவும் பக்கத்தில் இருத்தல் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய மின்னல் ஆபத்தானது.

கருத்து 2: தமிழ் எழுத்துருச் சிக்கலுக்கு அசைவூட்டக் கோப்பே தீர்வு

இது தமிழுக்கே உரிய மயக்கம். விளைவுகளை நோக்கின் இதுவே மிகப் பெரியது. 1990களின் இறுதியில் தமிழ்ப் பக்கங்கள் பல்வேறு குறியேற்றங்களில் எழுதப்பட்டன. தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகியவற்றை அறிவித்தது. அவற்றுக்கு அப்பால் தஸ்கி என்ற தகுதரமும் ஒவ்வொரு இதழுக்கும் உரிய தனி எழுத்துருக்களும் வழங்கின. எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தது.

பிளாஷ் கோப்பில் எழுத்துருவையே உள்ளே பதித்துவிடலாம், அல்லது எழுத்தை வரைவாக மாற்றிவிடலாம். அப்போது எந்தக் கணினியிலும் தமிழ் அழகாகத் தெரியும். தலைப்புகளையும், சில தளங்களில் முழுப் பக்கங்களையும் இப்படி அமைத்ததற்குக் காரணம் இதுவே. சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றியது. உண்மையில் தீர்ந்தது தோற்றம் மட்டுமே.

வரைவாக மாறிய எழுத்தைத் தேடுபொறி காணாது, வாசகர் படியெடுக்க முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படிக்காது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கப்பட்டது. அங்கு உருவான ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகங்கள் குறுவைக்குப் பயன்படுபவை. அவற்றின் வயது, விதையளவு, நோய் எதிர்ப்பு பற்றிய அட்டவணை ஒன்று பிளாஷ் வரைவாக இருந்தால், 'ஆடுதுறை 43' என்று தேடுபவருக்கு அப்படியொரு பக்கம் இருப்பதே தெரியாது. 2008இல் கூகுள் பிளாஷ் கோப்பில் உள்ள எழுத்தைப் படிக்கத் தொடங்கியது. எனினும் வரைவாக மாற்றப்பட்ட எழுத்தும், பழைய குறியேற்றத்தில் இருந்த தமிழும் அதனால் பயன்பெறவில்லை.

ஒருங்குறி பரவிய பின்னும் இடர் நீடித்தது. ஒருங்குறியில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் அடுத்து எகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது மென்பொருளின் வேலை. பிளாஷ் பிளேயரின் பத்தாம் பதிப்பு 2008இல் புதிய எழுத்துப் பொறியுடன் வரும்வரை இவ்வேலையை அது நம்பகமாகச் செய்யவில்லை. ஆகவே வடிவமைப்பாளர்கள் மீண்டும் பழைய எழுத்துருக்களையும் வரைவுகளையும் நாடினர்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம் தமிழ் இலக்கியங்களை வெறும் எழுத்தாகவே இணையத்தில் ஏற்றியது. குறியேற்றம் மாறியபோது தஸ்கி நூல்களை ஒருங்குறிக்கு மாற்ற முடிந்தது. எழுத்து எழுத்தாக இருந்ததால் அது சாத்தியமாயிற்று. அசைவும் அலங்காரமும் இல்லாத அப்பக்கங்கள் இன்றும் திறக்கின்றன.

கருத்து 3: எல்லாக் கணினியிலும் உள்ளது, என்றும் இருக்கும்

2000களில் பெரும்பாலான மேசைக் கணினிகளில் பிளாஷ் செருகுநிரல் இருந்தது. ஆகவே அது உலாவியின் ஓர் உறுப்பு என்றே பலர் எண்ணினர். ஆனால் அது ஒரே நிறுவனத்தின் மென்பொருள். 2007இல் வந்த ஐபோன் அதனை ஏற்கவே இல்லை. 2011இல் அடோபி கைப்பேசிகளுக்கான பிளாஷை மேம்படுத்துவதை நிறுத்தியது. 2017இல் முடிவுத் தேதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் பிளேயர் எந்தக் கோப்பையும் இயக்க மறுத்தது. அன்று வரை மாற்றி அமைக்கப்படாத பாடங்கள், விளையாட்டுகள், வினாடி வினாக்கள் வெற்றுப் பெட்டிகளாயின. ரஃபிள் போன்ற போன்மி மென்பொருள்கள் அவற்றில் ஒரு பகுதியை மீட்கின்றன. ஆனால் மீட்கப்படுவது காட்சியே. தேடக்கூடிய எழுத்தாக அது மாறிவிடுவதில்லை.

இதனுடன் ஒட்டிய இன்னொரு மயக்கம், ஒருமுறை செய்துவிட்டால் போதும் என்பது. வெளியிடப்பட்ட பிளாஷ் கோப்பைத் திருத்த அதன் மூலக் கோப்பும் அதைச் செய்யத் தெரிந்தவரும் வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் மரபான நாள் ஜூன் 12. 2022இல் அது மே 24 அன்றே திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை இறுதி வரை தள்ளிப்போனது. இத்தகைய தேதியை அசைவுப் படத்துக்குள் பதித்துவிட்டால், ஆண்டுதோறும் அப்பக்கம் தவறான செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எழுத்தாக இருந்தால் தளத்தைப் பராமரிக்கும் எவரும் ஒரு நிமிடத்தில் மாற்றலாம்.

கருத்து 4: பிளாஷ் போனதுடன் சிக்கலும் போயிற்று

இன்றைய மாணவர்களிடையே பரவலாக உள்ளது இக்கருத்து. எச்டிஎம்எல்5 2014இல் தகுதரமாயிற்று. செருகுநிரல் இல்லாமலே அசைவூட்டம் செய்யலாம் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் பழைய தவறுகளைப் புதிய கருவியிலும் செய்யலாம். கேன்வாஸ் பரப்பில் வரையப்படும் எழுத்து, பிளாஷ் வரைவைப் போலவே, மாற்று எழுத்து தரப்படாவிட்டால் திரைவாசிப்பானுக்கு எட்டாது. அறிவிப்பு முழுவதையும் ஒரு படமாக்கிச் சுழலவிடும் முகப்புப் பட்டைகளும் அப்படியே.

அசையும் ஜிஃப் சிறியது என்பதும் தவறு. அதில் ஒவ்வொரு சட்டகமும் தனிப் படமாகச் சேர்வதால், அதே காட்சியின் காணொளியைவிடக் கோப்பு பெரும்பாலும் பெரிதாகிறது. சிஎஸ்எஸ் அசைவு தானாகவே இலேசானது என்பதும் முழு உண்மை அன்று. பொருளின் அகலத்தையோ இடத்தையோ நொடிதோறும் மாற்றினால் உலாவி பக்கம் முழுவதையும் மீண்டும் கணக்கிட நேரும். டிரான்ஸ்ஃபார்ம், ஒப்பாசிட்டி ஆகிய பண்புகளை மட்டும் மாற்றினால் அச்சுமை குறையும். விலை குறைந்த திறன்பேசியில் இந்த வேறுபாடு கண்கூடு. அசைவைக் குறைக்கும்படி தம் கருவியில் அமைத்துள்ள வாசகரின் விருப்பத்தைச் சிஎஸ்எஸ் வழியே அறியவும் இன்று முடிகிறது. அதனைப் பயன்படுத்தாமல் விடுவது வடிவமைப்பாளரின் குறையே.

கருத்து 5: நல்ல தளத்தில் அசைவே கூடாது

மேற்கண்ட குறைகளைக் கண்டு அசைவூட்டத்தையே விலக்குவதும் தவறு. காட்டப்படும் பொருளே அசைவதாக இருந்தால், அசைவே சிறந்த விளக்கம்.

மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையை அடைய ஏறத்தாழ மூன்று, நான்கு நாள் ஆகிறது. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றில் பாசனத்துக்குப் பிரிகிறது. வெள்ளக் காலத்தில் மிகுநீர் கொள்ளிடத்தில் விடப்படுகிறது. கடைமடைப் பகுதிக்கு நீர் ஏன் தாமதமாக வருகிறது என்பதை நிலைப்படத்தில் விளக்குவது கடினம். வாசகர் தாமே நகர்த்திப் பார்க்கும் நாள்வரிசை அசைவுப் படம் அதனை எளிதில் உணர்த்தும். திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுகிறார்கள். அப்படி நட்டால்தான் கோனோ களைக்கருவியை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஓட்ட முடியும். இதனைச் சில நொடி அசைவு ஒரு பத்தியைவிடத் தெளிவாகக் காட்டும். தமிழ் எழுத்தை எழுதும் கை ஓட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

மதிப்பீடு

அசைவூட்டத்தைச் சேர்க்குமுன் வடிவமைப்பாளர் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது நல்லது. காட்டப்படும் பொருள் உண்மையில் அசைவதா, அல்லது அசையாத செய்திக்கு அசைவு ஏற்றப்படுகிறதா? அசைவை நிறுத்தினாலும் செய்தி முழுமையாகக் கிடைக்கிறதா? அந்நுட்பம் நாளை நின்றுபோனால் எழுத்து மிஞ்சுமா?

முதல் கேள்வியில் தவறினால் வாசகருக்கு எரிச்சல். இரண்டாவதில் தவறினால் ஒரு பகுதி வாசகர்களுக்குப் பக்கம் இல்லாமலே போகும். மூன்றாவதில் தவறினால் இழப்பு மொழிக்கும் சேர்த்தே. இணையத்தில் தமிழ் எழுத்தின் அளவு ஆங்கிலத்தை நோக்கக் குறைவு. அதிலும் ஒரு பகுதியைத் தேட முடியாத வரைவாகப் பூட்டிவைத்தது பிளாஷ் காலத்தின் பிழை. இன்று தமிழ் அறிவிப்புகளை எழுத்தாகத் தராமல் படமாக மட்டும் பதிவேற்றும் வழக்கமும் அதே பிழையின் தொடர்ச்சியே.